செவுள் பார்ப்பவள்

மீன் வாடையில் எனக்கு யாரும்
பாடம் எடுக்க வேண்டாம்.
செவுளைத் தூக்காமலே சொல்வேன்:
இது இன்று விடியலில் கரையேறியது,
இது நேற்றையது, ஐஸில் கிடந்தது,
இது கிடந்த ஐஸையே கெடுத்தது.

தரங்கம்பாடியில் ஏலம் எடுத்து
முதல் பஸ்ஸின் கடைசி சீட்டில்
கூடையோடு குந்தி
மயிலாடுதுறையில் இறங்கி மாறி
குத்தாலத்துத் தெருக்களுக்குக்
கொடுவாயும் காரப்பொடியும் கொண்டுபோகிறவள்.
எனக்கு டிக்கெட் இலவசம், கூடைக்குக் காசு.
கண்டக்டர் மூக்கைச் சுளிப்பார்.
சுளிக்கட்டும், அது தொழில் வாடை.

ஆடி பிறந்ததிலிருந்து
வேறொன்று.
கூடையைக் கழுவிக் கவிழ்த்த பிறகும்
தலைக்கு ஊற்றி நைட்டி மாற்றிய பிறகும்
என்னோடு உட்காரும், என்னோடு எழுந்திருக்கும்.
தூரம் நின்ற மறுநாள் கூடும்.
கலியனோடு படுத்த இரவில் இன்னும் கூடும்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.
சொல்லாத சொல்லில்
முள் அதிகம்.

டெட்டால் ஊற்றினேன்.
மூடிக் கணக்கு போய் பாட்டில் கணக்கு ஆனது.
விரல் போகும் தூரம்வரை சோப்பு.
எரிந்தது. எரிந்தால் சுத்தம் என்று நினைத்தேன்.
இரண்டு நாள் அடங்கும்,
மூன்றாம் நாள் முன்னைவிட.

மீன்காரிக்கு அங்கேயும் மீன் வாடையா என்று
ஊர் சிரிக்கப்போகும் சிரிப்பை
ஊருக்கு முன்னால் நானே சிரித்துப் பார்த்தேன்,
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

புரட்டாசியில் பெரியாஸ்பத்திரி.
சீட்டில் ‘வனமயில், 38, வெள்ளை’ என்று மட்டும்
எழுதச் சொன்னேன்.
வரிசையில் முன்னால் ஒரு காலேஜ் பெண்,
பின்னால் நடவுக்காரி, சேறு காயாத காலோடு.
மூவரும் பேசிக்கொண்டது
கல்லணை திறந்தும் தண்ணீர்
கடைமடைக்கு வராததைப் பற்றி.

டாக்டர் பர்வீன் மூக்கைச் சுளிக்கவில்லை.
சாம்பல் வெள்ளை, நீர்த்தது, என்று எழுதினார்.
அரிப்பு? இல்லை.
தயிர் திரிஞ்ச மாதிரி கட்டி? இல்லை.
பச்சையா நுரைச்சு? இல்லை.
அடிவயிற்று வலி, காய்ச்சல்? இல்லை.
பஞ்சு, துணி எதையாவது உள்ளே மறந்து?
யோசித்து, இல்லை.
ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு வியாதி
எழுந்து வெளியே போனது.

பிறகு கண்ணாடிச் சில்லில் தடவி
மேலே ஒரு சொட்டு மருந்து விட்டார்.
குப்பென்று எழுந்தது.
“காரப்பொடி,” என்றேன்.
“மூணு நாள். வெயில்ல வெச்சது.”
அவர் சிரித்தே விட்டார்.
“உங்களை லேப்ல வேலைக்கு வெச்சுக்கலாம்.”
நானும் சிரித்தேன். கால் இன்னும் கம்பி மேல்.

அவர் சொன்னது என் பாஷையில் இவ்வளவு:
உள்ளே ஒரு புளிப்பு இருக்கிறது,
நீராகாரத்தின் இளம் புளிப்பு.
அதற்கும் லேசாக வாசம் உண்டு, அது நோயில்லை, உடம்பு.
அந்தப் புளிப்பைக் காய்ச்சித் தரும் கிருமி
நம்ம கட்சி.
அது ஒடுங்கினால் மற்றது கொழுக்கும்.
ஏன் ஒடுங்கியது?
“எல்லாக் காரணமும் எங்களுக்கே தெரியாது.
டெட்டால் ஒண்ணு நிச்சயமா ஆகாது.
அழுக்கா இருந்ததால வந்ததில்லை இது.”
கடைசி வாக்கியத்தை
இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

குத்தாலத்தில் என் வாடிக்கை ராஜமன்னார்
ஒரு சம்பாவில் புகையானுக்கு
மூன்று தரம் மருந்தடித்தார்.
சிலந்தி செத்தது. தட்டான் செத்தது.
புகையான் திரும்பி வந்தது,
தன்னைத் தின்ன யாருமில்லாத வயலுக்கு.
பஸ்ஸில் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஏழு நாள் மாத்திரை, வேளைக்கு ஒன்றாய் இரண்டு வேளை.
நாக்கில் ஆணியைச் சப்பிய ருசி.
வெளியே தண்ணீர் போதும், உள்ளே ஒன்றும் வேண்டாம்.
திரும்ப வரலாம், வந்தால் வாங்க.

ஐந்தாம் ராத்திரி கலியனிடம் சொன்னேன்,
விளக்கை அணைத்துவிட்டு.
வெகு நேரம் பேச்சில்லை.
“என் மேலதான் அடிக்குதுன்னு நெனச்சேன்,” என்றான்,
“வலையும் டீசலுமா.
அதான் சுவத்துப் பக்கம் திரும்பிக்குவேன்.”

மாத்திரை இன்னும் நாலு பாக்கி.